ஓய்ந்திருந்த கிணற்றில் அளந்த தண்ணீர்

தண்ணீர் அளக்கும் வேலைக்கு இந்த மாதம் ஒன்பது பேர் புதிதாக வந்திருக்கிறீர்கள் என்று அறிந்தேன். அதில் ஒருத்தி என் மகள். வேலைக்குப் போன முதல் கிழமையே அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அப்பா, இருபத்தெட்டு வருசம் கிணறு கிணறாத் திரிஞ்சனீங்கள். நீங்கள் விட்ட பெரிய பிழை என்ன?" அப்போது நான் சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும் என்று சொல்லி முற்றத்துக்கு இறங்கிவிட்டேன். காற்று நிறையவே இருந்தது. பிள்ளை கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவியது மனதை உறுத்தியது. அதனால் உங்கள் ஒன்பது பேருக்குமாக எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். பெரிய படிப்புப் படித்தவர்கள் இதிலும் நன்றாக எழுதுவார்கள். ஆனால் இந்தப் பிழையை விட்டவன் நான் என்பதால் நான்தான் எழுத வேண்டும்.

முதலில் நமது நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் என் வாயால் ஒருமுறை கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, மலை இல்லை. மாரியில் வானம் தருவதுதான் வருடம் முழுவதற்கும். பெய்த மழை செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, அடியில் கிடக்கிற சுண்ணாம்புக் கல்லுக்குள் போய்த் தங்குகிறது. அந்தக் கல் கறையான் புற்றுப்போல ஓட்டையும் பொந்தும் வெடிப்புமாக இருக்கும். மூன்று பக்கமும் கடல், நடுவில் உப்பு நீரேரி. ஆகவே கல்லுக்குள்ளே ஆழத்தில் உப்புத் தண்ணீரும் கிடக்கிறது. மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிடப் பாரம் குறைந்தது. அதனால் அது உப்பின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இல்லை. சட்டியில் சுட்ட அப்பத்தைப்போல நடுவில் மொத்தம், கரையில் மெல்லிசு. நாம் குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்த அப்பத்தைத்தான்.

இன்னொன்று. மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி குறைந்து, அப்படியே குறைந்து நின்றால், அதைத் தாங்கிக்கொண்டிருக்கும் உப்பு கீழிருந்து நாற்பது அடிவரை மேலேறப் பார்க்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு கிணற்றில் மூச்சுவிடாமல் இறைத்தால் அந்தக் கிணற்றுக்கு நேர் கீழே உப்பு புற்றுப்போலக் குவிந்து எழும்பும். இறைப்பை நிறுத்தினால் மெல்ல மெல்லப் படியும். இந்தப் பாடத்தை நான் நன்றாகப் பாடமாக்கி வைத்திருந்தேன். சோதனையில் கேட்டால் முழுப் புள்ளியும் எடுத்திருப்பேன். அதை வைத்துக்கொண்டுதான் பிழை விட்டேன்.

தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிந்திய ஒரு கோடை. புத்தூருக்குக் கிழக்கே, நீரேரி ஒரு மைலுக்குள் வந்துவிடுகிற ஒரு குறிச்சி. அங்கே ஒரு பங்குக் கிணறு இருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடிக்கக்கூடிய தண்ணீர் அதில் மட்டும்தான். மற்றவை எல்லாம் சவர், வாயில் வைத்தால் கரிக்கும்.

பங்குக் கிணறு என்றால் ஒரு கிணற்றுக்குப் பல சொந்தக்காரர். இந்தக் கிணற்றுக்கு நாலு பங்கு. ஆளுக்கொரு தோட்டம், ஆளுக்கொரு முறை. ஒரு முறை என்பது அரை நாள். காலையில் ஒருவர், பின்னேரம் ஒருவர். அடுத்த நாள் மற்ற இருவர். இரண்டு நாளில் நாலு முறையும் முடிந்துவிடும். பிறகு நாலு நாள் கிணறு சும்மா கிடக்கும். முதல் முறை நாகலிங்கண்ணைக்கு. கடைசி முறை அவருடைய சித்தப்பாவின் மகள் பரமேசு அக்காவுக்கு. காணி அவவுக்குச் சீதனமாக வந்தது. அவவின் புருசன் சின்னராசா அண்ணை நல்ல உழைப்பாளி. ஏதாவது கேட்டால், "காணிக்காரி அவதான், நான் மண்வெட்டிக்காரன்" என்று சிரிப்பார். முறையின் வரிசை காணி உறுதிப் பத்திரத்திலேயே எழுதிக் கிடந்தது. அதை மாற்ற யாரும் நினைத்ததில்லை.

அந்தச் சண்டை வருடங்களில், பொருள் தடையால், மண்ணெண்ணெய் அளவாகத்தான் கிடைத்தது. பெற்றோல் இல்லவே இல்லை என்று சொல்லலாம். இறைக்கிற மிசினை எழுப்ப நாலு துளி பெற்றோல் வேண்டும். எழும்பிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடும். அந்த நாலு துளியை மருந்துப் போத்திலில் வைத்து, சாமி அறையில் பூட்டி வைப்பார்கள். ஆகவே ஒருமுறை எழுப்பிய மிசினை நிறுத்த யாருக்கும் மனம் வராது. நாகலிங்கண்ணை முறை முடிந்ததும் அடுத்தவர் ஓடுகிற மிசினையே வாங்கித் தன் வாய்க்காலுக்குத் திருப்பிக்கொள்வார். விடிய எழும்பிய மிசின் பொழுது படும்வரை ஓடும். இரண்டு நாளும் அப்படித்தான்.

எனக்கும் ஒரு தட்டுப்பாடு இருந்தது. உப்பு அளக்கும் கருவிக்குப் பற்றி, அதுதான் பேட்டரி, வேண்டும். பற்றி வெளியிலிருந்து வருவதில்லை. இருந்த ஒரு சோடிப் பற்றியை வெயிலில் காயவைத்துக் காயவைத்துப் பாவித்தேன். அதனால் மாதம் ஒரு தடவை, ஒரு கிணற்றில் ஒரே ஓர் அளவுதான் எடுப்பேன். இறைப்பு இல்லாத நாளில், காலையில், தண்ணீர் அசையாமல் நிற்கும்போது மட்டம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். மட்டம் பார்ப்பதற்கு அது சரியான சட்டம்தான். நான் உப்பையும் அதே நேரத்தில் அளந்து முடித்துக்கொண்டேன். கயிற்றில் போத்திலைக் கட்டி மேல் தண்ணீரை அள்ளுவது, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது, எழுதுவது, சைக்கிளில் ஏறுவது. ஊரில் எனக்குப் 'போத்தில் மாஸ்டர்' என்று பெயர். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தக் கோடையில் அளவெட்டிப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த நாற்பது குடும்பங்கள் அந்தக் குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் வந்து தங்கின. குடிதண்ணீருக்கு என்ன வழி என்று என்னைக் கேட்டார்கள். நான் பதிவுப் புத்தகத்தை விரித்து, விரலால் வரிசையாகக் காட்டினேன். "பாருங்கோ, மாசா மாசம் நல்ல தண்ணி. பங்குக் கிணறு. எத்தனை பேரெண்டாலும் அள்ளலாம், பயமில்லை."

பங்குகாரரும் பெரிய மனதோடு சம்மதித்தார்கள். பரமேசு அக்கா கிணற்றடியில் ஒரு புது வாளியையே கட்டி விட்டா.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது, பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒருவர் என்னைக் கிணற்றடியில் மறித்தார். கந்தையா அண்ணை என்று பெயர். நாதஸ்வரக்காரர். அறுபது வயது இருக்கும்.

"தம்பி, ஒரு விசயம் கதைக்க வேணும். உந்தக் கிணத்துத் தண்ணி காலமை ஒரு ருசி, பின்னேரம் ஒரு ருசி. எல்லா நாளும் இல்லை. மிசின் ஓடுற நாளிலை. சீவாளியை நனைச்சு வாயிலை வைச்சவுடனை எனக்குத் தெரியுது, கரிக்குது."

நான் கருவியின் முள்ளைக் காட்டினேன். வழக்கம்போல இறைப்பு இல்லாத நாள், காலை. முள் நல்ல இடத்தில் நின்றது.

"இதைப் பாருங்கோ அண்ணை. கருவி பொய் சொல்லாது. ஊரை விட்டிட்டு வந்த வாய்க்கு எந்தத் தண்ணியும் கொஞ்ச நாள் கரிக்கத்தான் செய்யும்."

சொல்லும்போது ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அவர், "ஓம் தம்பி, அப்பிடியும் இருக்கலாம்" என்றுவிட்டு, தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று இன்னொன்றும் கண்டேன். பரமேசு அக்காவின் வெங்காயம் நுனி கருகி நின்றது. நாகலிங்கண்ணையின் வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

"என்ன நோயோ தெரியேல்லை மாஸ்டர்" என்றா அக்கா. "மருந்தும் அடிச்சுப் பாத்தாச்சு. உங்கை நிக்கிறவற்றை கண்ணோ ஆருக்குத் தெரியும்."

வாய்க்காலுக்கு அப்பால் நின்ற நாகலிங்கண்ணைக்கு அது கேட்கவேண்டும் என்றுதான் சொன்னா. கேட்டது.

"என்ரை கண் பட்டா வெங்காயம் கருகாது, பரமேசு, அவிஞ்சு சாம்பாராப் போகும்!"

நானும் சேர்ந்து சிரித்துவிட்டுப் போனேன். பிள்ளைகளே, கருவியைத் தவிர மற்ற எல்லாமே அன்று எனக்கு உண்மையைச் சொன்னது. கந்தையா அண்ணையின் நாக்குச் சொன்னது. வெங்காயத்தின் நுனி சொன்னது. முதல் முறைக்காரனின் தோட்டம் பச்சை, கடைசி முறைக்காரியின் தோட்டம் கருகல் என்பதும் சொன்னது. நான் முள்ளை மட்டும் பார்த்தேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் திரும்பி, வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். வாசல் படலையில் கந்தையா அண்ணை நின்றார். அந்த வெயிலில் நாலு மைல் நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு பை. அதற்குள் இரண்டு போத்தில்கள். ஒன்றின் கழுத்தில் வெள்ளை நூல், மற்றதில் கறுப்பு நூல்.

"வெள்ளை நூல் நேற்று விடிய அள்ளினது. கறுப்பு நூல் நேற்றுப் பொழுதுபடேக்கை. மிசின் முதல் நாள். நீர் என்ரை நாக்கை நம்பமாட்டீர். அதுதான் உம்மடை பாசையிலை கொண்டந்தன்."

பற்றியைப் போட்டேன். வெள்ளை நூல் போத்திலில் முள் நல்ல இடத்தில் நின்றது. கறுப்பு நூல் போத்திலில் அது துள்ளி ஏறி, குடிக்கக்கூடாத இடத்தில் போய் நின்றது. பற்றியைக் கழற்றி, திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதே இடம். முதல் நாள் பின்னேரமே இப்படியென்றால் இரண்டாம் நாள் பின்னேரம் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் முறை யாருக்கு? பரமேசு அக்காவுக்கு. இரண்டாம் நாள் எது? இன்று.

"ஏன் அண்ணை இவ்வளவு நாளாத் திரும்பச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன சொல்லுவினம் தம்பி? உவையள் வந்து அள்ளினபடியாத்தான் கிணறு சவராப் போட்டுதெண்டு சொல்லுவினம். கிணத்தை மூடிப்போட்டா நாற்பது குடும்பம் எங்கை போறது? அதுதான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன். இப்ப சின்னப் பிள்ளையளும் குடிக்க மாட்டமெண்டு துப்புதுகள்."

அவரைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு மிதித்தேன். வழியெல்லாம் ஒரு கணக்கு மனதில் ஓடியது. அந்த மிசின் ஒரு மணித்தியாலத்தில் இறைப்பதை நாற்பது குடும்பமும் வாளியால் ஒரு முழு நாளில் அள்ளாது. பிழை வாளியில் இல்லை; பெற்றோல் தட்டுப்பாடு வந்த பிறகு நிறுத்தாமல் ஓடுகிற மிசினில்தான். ஆனால் அதைச் சொன்னால் நம்புவார்களா? எத்தனை பேரும் அள்ளலாம் என்று சொன்ன அதே வாய்தானே இதையும் சொல்லப்போகிறது.

போய்ச் சேர்ந்தபோது மிசின் ஓடிக்கொண்டிருந்தது. பரமேசு அக்கா பாத்தி கட்டுகிற இடத்தில் குனிந்து நின்றா. பாதித் தோட்டம் நனைந்திருந்தது.

"அக்கா, மிசினை நிப்பாட்டுங்கோ."

"என்ன மாஸ்டர் விசர்க் கதை கதைக்கிறியள்? இன்னும் பதினெட்டுப் பாத்தி கிடக்குது."

சின்னராசா அண்ணை மண்வெட்டியோடு ஓடி வந்தார். "நிப்பாட்டினா திரும்ப எடுபடாது தம்பி. பெற்றோல் துளி காலமையோடை முடிஞ்சுது. இனி எங்கடை முறை வர ஆறு நாள். மூண்டு கிழமையிலை கிண்டுற வெங்காயம். இந்த வெயிலுக்குத் தாங்குமோ?"

பிள்ளைகளே, அந்த இடத்தில் எனக்கு ஒரு லேசான வழி இருந்தது. "சரி, இன்றைக்கு இறைத்து முடியுங்கோ, நாளைக்குக் கதைப்பம்" என்று சொல்லியிருக்கலாம். யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் மிசின் ஓடிய ஒவ்வொரு நிமிடமும் கீழே உப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது படிய எத்தனை நாளாகும் என்று எனக்குத் தெரியாது. கோடை முடியும்வரை படியாமலே இருக்கவும் கூடும்.

"அக்கா, குழாய் வாயிலை கையை ஏந்தி ஒரு மிடறு குடிச்சுப் பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுங்கோ."

அவ ஏந்தினா. குடித்தா. முகம் மாறியது. தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தா. கருகிய நுனிகளை ஒரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே போன அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. எத்தனை முறை இதையே ஊற்றியிருக்கிறா. நோய் என்று நினைத்து இன்னும் கூட ஊற்றியிருக்கிறா.

நேரே மிசினடிக்குப் போய், தானே நிறுத்தினா.

சத்தம் நின்றதும் தோட்டம் முழுக்க அமைதியாகிவிட்டது. நான் சொன்னேன், "பிழை என்னிலை அக்கா. நான்தான் நல்ல தண்ணியெண்டு எழுதினன். ஓய்ஞ்ச கிணத்தை அளந்துபோட்டு ஓடுற கிணத்துக்குச் சாட்சி சொல்லியிருக்கிறன்."

"சொன்னது நீங்கள், இறைச்சது நாங்கள்" என்றா அவ. பிறகு கந்தையா அண்ணையைப் பார்த்து, "நீங்கள் இருங்கோ அண்ணை, வெயிலுக்கை வந்திருக்கிறியள்" என்று சொல்லி, ஒரு சாக்கை விரித்தா.

மிசின் சத்தம் நின்றதைக் கேட்டு நாகலிங்கண்ணை வந்தார். மற்ற இரண்டு பங்குகாரரும் வந்தார்கள். நான் விசயத்தைச் சொன்னேன். நாகலிங்கண்ணை நம்பவில்லை. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நாலு நாள் ஓய்ந்த கிணற்றின் முதல் தண்ணீர் அவருடையது. அவர் வாழ்நாளில் அந்தக் கிணற்றில் உப்பைக் கண்டதில்லை.

"என்ரை முறையிலை சவர் இல்லை. பரமேசுவின்ரை முறையிலை சவரெண்டா அது எப்பிடி? ஒரே கிணறுதானே? இவ்வளவு வருசம் வராத சவர் இப்ப வருதெண்டா, இப்ப புதிசா ஆர் வந்தது எண்டு பாருங்கோ."

கந்தையா அண்ணை தலையைக் குனிந்துகொண்டார்.

நான் புத்தகத்தில் படித்ததைச் சொல்லத் தொடங்கினேன். பாரம் கூடியது, பாரம் குறைந்தது, நாற்பது அடி. மூன்றாவது வசனத்திலேயே மற்றப் பங்குகாரர் ஒருவர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது.

"அக்கா, ஒரு கண்ணாடிக் கிளாஸ் தாங்கோ. ஆறின வெறும் தேத்தண்ணிச் சாயத்திலை ரண்டு கரண்டி உப்பைக் கரைச்சுத் தாங்கோ. ஒரு பப்பாசி இலைக் காம்பும் வேணும், பால் போக அலசி."

"மாஸ்டருக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்றார் நாகலிங்கண்ணை.

கிளாஸில் பாதிக்கு உப்புச் சாயத்தை ஊற்றினேன். மேலே ஒரு கரண்டியின் முதுகில் படவிட்டு, வெள்ளை நூல் போத்திலில் மிஞ்சியிருந்த நல்ல தண்ணீரை மெதுவாக விட்டேன். கீழே கறுப்பு, மேலே வெள்ளை, நடுவில் ஒரு கோடு. கலக்கவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பப்பாசிக் காம்பின் நுனியைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தேன்.

"கந்தையா அண்ணை, உங்களுக்குத்தான் மூச்சை ஆளத் தெரியும். மெல்ல, மெல்ல உறிஞ்சுங்கோ."

அவர் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். தண்ணீர் ஒரு நூல் அளவு குறைந்தது. கோடு அசையவில்லை.

"நல்ல தண்ணி" என்றார்.

"இப்ப நாகலிங்கண்ணை, நீங்கள். மிசின் இழுக்கிறமாதிரி இழுங்கோ."

அவருக்கு அது பந்தயம் மாதிரி இருந்திருக்க வேண்டும். கன்னம் இரண்டும் குழிவிழ ஒரு இழுவை இழுத்தார். காம்பின் நுனிக்குக் கீழே கறுப்புச் சாயம் கூம்பிக்கொண்டு எழும்பி அதற்குள்ளேயே நுழைந்தது. அடுத்த கணம் அவர் "தூ!" என்று துப்பினார். முகம் அஷ்ட கோணலாகிப் போனது.

சின்னராசா அண்ணை சிரிப்பை அடக்கமாட்டாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "மச்சான், உன்ரை முறையிலைதான் சவர் வராதே!"

எல்லோரும் சிரித்தார்கள். நாகலிங்கண்ணையும் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அவர் கிளாஸைக் கையில் எடுத்துப் பார்த்தார். இப்போது முழுவதும் மண்ணிறமாகக் கலங்கிக் கிடந்தது.

"இது திரும்பத் தெளியுமோ?"

"கிளாஸ் தெளியாது அண்ணை. கிணறு தெளியக்கூடும். மழை மேலாலை தள்ளும். ஆனா நாங்கள் விடவேணும்."

அதன்பிறகு கதை முறையைப் பற்றியது. நான் கேட்டது இதுதான். ஒரு நாளில் ஒரு பங்குதான். விடிய ஒன்றரை மணித்தியாலம் மட்டும், மிசினை மெதுவாக ஓட விட்டு, குழாயைக் கிணற்றின் அடியில் விடாமல் மேல் தண்ணீரில் தூக்கிக் கட்டி இறைப்பது. நாலு நாளில் நாலு பேர். அப்போது எல்லோருக்கும் ஓய்ந்த தண்ணீர் கிடைக்கும். மற்ற இரண்டு நாளும் குடிதண்ணீர் வாளிகள் மட்டும். இதனால் மூன்று பேருக்கு நன்மை. நட்டம் ஒருவருக்குத்தான். முழு அரை நாளும் நல்ல தண்ணீரை அனுபவித்து வந்த முதல் முறைக்காரருக்கு. அவரிடமே அதைக் கேட்கவேண்டியிருந்தது.

"முறை உறுதியிலை எழுதிக் கிடக்குது மாஸ்டர். இண்டைக்கு நேரத்தைக் குறைப்பன். நாளைக்கு அதுவே வழக்கமெண்டு ஆரும் கேஸ் போட்டா? முதல் முறையை நான் விடமாட்டன்."

"வரிசையை ஆரும் கேக்கேல்லை அண்ணை" என்றா பரமேசு அக்கா. "நாளைக்கு நீங்கள் முதல். நான் நாலாம் நாள். அப்பிடியே இருக்கட்டும். நேரத்தை மட்டும் குறையுங்கோ."

அதைச் சொல்லும்போது அவவின் பதினெட்டுப் பாத்தியும் காய்ந்து கிடந்தது. நனைந்த மற்றப் பாத்திகளில் ஊறியிருந்தது உப்பு. நல்ல தண்ணீர் விட்டு அலசாவிட்டால் அவை காய்ந்தவற்றுக்கு முன்னமே சாகும். நாலாம் நாள்வரை எதுவும் மிஞ்சுமா என்பது சந்தேகம். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

நாகலிங்கண்ணை கடைசியில், "சரி, நேரத்தைக் குறைப்பம்" என்று மட்டும் சொன்னார். எழும்பிப் போகும்போது கந்தையா அண்ணைக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். "வாளி கிணத்தடியிலைதான் கிடக்கும், அண்ணை. நான் சொன்னதை மனசிலை வைச்சிராதையுங்கோ."

அடுத்த நாள் விடிய நான் அங்கே நின்றேன். முதலில் மேல் தண்ணீரை அளந்தேன்; இரவு ஓய்ந்ததில் பயிருக்கு விடக்கூடிய அளவுக்கு உப்பு இறங்கியிருந்தது. நாலு தடவை மிசின் எழுப்பப் பெற்றோல் துளிக்கு எங்கே போவது? அதற்கும் பரமேசு அக்காதான் வழி கண்டா. மிசினின் பிளக்கைக் கழற்றி அடுப்புத் தணலில் சூடாக்கி, குறட்டால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தா. தன்னுடைய முறைக்கு அல்ல, நாகலிங்கண்ணையின் முறைக்கு. மூன்றாவது இழுவையில், பெற்றோல் இல்லாமலே, மிசின் எழும்பியது. மெதுவாக ஓடவிட்டோம். அக்கா வீட்டுக்குப் போகவில்லை. தன் தோட்ட வரம்பில் குந்தியிருந்து, ஒரு வெங்காயத் தாளை விரலால் தடவிக்கொண்டிருந்தா.

நாகலிங்கண்ணை பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டு போனார். ஒரு மணித்தியாலம் ஆகியிருக்கும். அவர் தோட்டத்தில் கடைசி ஏழெட்டுப் பாத்தி இன்னும் நனையவில்லை. நிமிர்ந்து வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் இருந்த வாய்க்கால் வரம்பை ஒரே வெட்டாக வெட்டிவிட்டார். தண்ணீர் ஒரு கணம் தயங்கி, திரும்பி, பரமேசு அக்காவின் பக்கம் இறங்கியது.

அக்கா எழும்பி நின்றுவிட்டா. "என்ன அண்ணை செய்யிறியள்? இது உங்கடை முறையெல்லே?"

"என்ரை முறையிலை நான் எங்கை விட்டாலும் என்ரை விருப்பம். உறுதியிலை அதுக்குத் தடை எழுதேல்லை." முகத்தைக் கடுமையாகத்தான் வைத்திருந்தார். "வாயைப் பாத்துக்கொண்டு நிக்காமல் பாத்தியைத் திருப்பு, பரமேசு. இல்லாட்டி நாளைக்கு என்ரை கண்தான் பட்டதெண்டு சொல்லுவாய்."

அவ சிரித்துக்கொண்டே அழுதா. அல்லது அழுதுகொண்டே சிரித்தா. மண்வெட்டி எடுக்கவும் மறந்து, வெறும் கையாலேயே மண்ணை அள்ளிப் பாத்தியைத் திருப்பினா.

வெங்காயம் முழுவதும் தப்பவில்லை. கருகியது கருகியதுதான். மிஞ்சியது சின்னச் சின்னதாகத்தான் விழுந்தது. ஆனால் கிணறு தப்பியது. பின்னேரத்து உப்பு கிழமைக்குக் கிழமை குறைந்தது. மாரி பெய்த பிறகு இன்னும் நன்றாகக் குறைந்தது. பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் அங்கே இருந்த காலம் முழுவதும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

என் பதிவுப் புத்தகத்தில் 'நல்லது' என்று எழுதிய பழைய வரிகளை நான் அழிக்கவில்லை. அழிக்கவும் கூடாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ஓய்ந்திருந்தபோது, காலையில் அளந்தது' என்று எழுதினேன். அந்தச் சொற்கள் முதலிலேயே அங்கே இருந்திருந்தால் ஒரு தோட்டம் கருகியிருக்காது. நீங்கள் எந்த அளவை எழுதினாலும், எப்போது, எப்படி எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அளவு பொய் சொல்வதில்லை. அது எதைப்பற்றிச் சொல்கிறது என்பதில்தான் நாம் ஏமாறுகிறோம். அதோடு, கருவி இல்லாத ஒருவர் உங்களை மறித்து ஏதாவது சொன்னால் சைக்கிளை விட்டு இறங்குங்கள். அவர் உங்களைவிட அதிக தடவை அந்தத் தண்ணீரைக் குடித்தவர்.

மகளே, நீ கேட்டதற்கு இதுதான் பதில். இன்னும் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். அந்த மாரிக்குப் பிறகு முதல் தடவை நான் போன நாள், ஒருவரின் முறை நடுவில், மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போத்திலை இறக்கினேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் குடங்களோடு காத்துக்கொண்டு நின்றார்கள். பரமேசு அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"எப்பிடி மாஸ்டர்? குடிக்கலாமோ?"

முள் நல்ல இடத்தில்தான் நின்றது. பழைய ஆளாக இருந்தால் புத்தகத்தை விரித்துக் காட்டியிருப்பேன்.

"இப்ப குடிக்கலாம் அக்கா. பின்னேரத்துக்கு எப்பிடியெண்டு எனக்குத் தெரியேல்லை. நிண்டு பாத்துச் சொல்லுறன்."

அவ என்னை ஒருமுறை பார்த்தா. பிறகு பிள்ளைகளின் பக்கம் திரும்பி, "அள்ளுங்கோ பிள்ளையள்" என்றா.

நான் சைக்கிளைப் பூவரசு மரத்தில் சாத்திவிட்டு, கிணற்றுக் கட்டில் குந்தினேன்.